பிள்ளையார் கோயிலில் நான் போட்ட தொடக்கு

அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கராயன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சேட்டு, ஒரு சாரம், ஒரு போன் சார்ஜர். வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. பின்னால், நான் விட்டுவந்த கோயிலின் மடத்தில், கல்யாணப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய்க் குழம்பின் மணம் வயலைக் கடந்து றோட்டுக்கு வந்து, என்னைத் தேடிப்பிடித்து மூக்கில் ஏறியது. அந்தக் கத்தரிக்காயை வெட்டிக் கொடுத்தவன் நான். (முதல்நாள் பின்னேரம் முழுக்க. விரலெல்லாம் கறுப்பு.)

வேலையால் கலைக்கப்படுவது எனக்குப் பழகிப்போன விசயம். வவுனியாவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருந்து கலைத்தார்கள். முதலாளியின் மச்சானுக்கு வேலை தேவைப்பட்டது. பஸ்ஸில் கொண்டக்டராக நின்றபோது கலைத்தார்கள். சனத்தோடு கதைத்துக்கொண்டே அவர்கள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டேன். அரிசி மில்லில் நித்திரை கொண்டதற்குக் கலைத்தார்கள். எல்லாம் நியாயம். ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால், தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பாவித்ததற்காகக் கலைக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். அந்த அநியாயத்தை வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில். (பெயர் வேண்டாம். பிள்ளையார் ஒரு பிழையும் செய்யவில்லை.) கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் அந்தக் கோயிலுக்கு மூன்று சாமான் அனுப்பியிருந்தார்கள்: ஒரு கணினி, தானாக அடிக்கும் மணியும் மேளமும் சேர்ந்த ஒரு பெட்டி, வாசலில் மாட்டுகிற ஓடும் எழுத்துப் பலகை. பலகையில் (ஊர் வாயில் அது 'போட்டு') சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அன்றைய பூசை என்ன, உபயம் யாருடையது என்பதைக் கனடாவில் இருந்தே இணையத்தில் எழுதிவிடுவார்கள். இங்கே பலகை அதை எடுத்துக் காட்டவேண்டும். சாமான் வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது. பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. அந்த நேரம்தான் நான் ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன்.

கோயில் பரிபாலனசபைத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். அவருக்கு அது பிடிக்காது, 'ஆசிரியர்' என்று கூப்பிடவேண்டும். (ஒருவரும் கூப்பிடவில்லை.) பஸ்ஸைப் பேருந்து என்பார், போனைக் கைப்பேசி என்பார். ஐஸ்கிறீமைக் குளிர்களி என்று கேட்டு வாங்கமுடியாமல் திரும்பிவந்தவர்.

"கணினி தெரியுமோ உமக்கு?" என்று கேட்டார்.

"ஓம் மாஸ்டர்."

"எவ்வளவு தூரம் படிச்சனீர்?"

"எட்டாம் வகுப்பு, மாஸ்டர். நாலு பள்ளிக்கூடம். அதில ரெண்டு, மரத்துக்குக் கீழ."

வன்னியில் என் வயதுக்காரர் சொல்லும் கல்வித் தகைமை அதுதான். மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை காட்டினார். சீமெந்துத் தரை, ஒரு ஃபான், மழை ஒழுகாத கூரை. "வேலை ஒழுங்காய் நடந்தால் நிரந்தரமாய் இரும்" என்றார். நிரந்தரம் என்ற சொல்லை என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல்தடவை. அன்றைக்கே அந்த அறைச் சுவரில் பை கொழுவ ஒரு ஆணி அடித்துவிட்டேன்.

இனி வேலையைச் சொல்லவேண்டும். விடிய வந்து கோயிலைக் கூட்டுபவர் வாசுகி அக்கா. கணினியைப் போடப்போவதும் அவாதான், ஏனென்றால் முதலில் வருபவர் அவா.

"தம்பி, நான் ஒரு சுவிச்சைத்தான் அமத்துவன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டா. "அதுக்குப் பிறகு அதைத் திற, இதைத் திற எண்டால் விளக்குமாற்றை உம்மட்டைத் தந்திட்டுப் போடுவன்."

"அக்கா, நீங்கள் சுவிச்சை அமத்தி பாஸ்வேட்டை அடியுங்கோ. மிச்சமெல்லாம் தானா நடக்கும்."

"தானா எண்டால்?"

"நீங்கள் உள்ளுக்கு வந்தவுடனே தேவாரம் தானாப் படிக்கும், மேளம் தானா அடிக்கும், போட்டில எழுத்துத் தானா ஓடும்."

"அப்ப ஐயர் என்னத்துக்கு?" என்றா வாசுகி அக்கா.

கணினியில் இதற்கென்று ஒரு போல்டர் இருக்கிறது. அதற்குள் எதைப் போட்டு வைத்தாலும், ஆள் லொகின் செய்த மறுகணம் அது எழும்பி வேலையைத் தொடங்கிவிடும். நான் ஒரு சிறிய கட்டளைக் கோப்பு எழுதினேன். முதல் வரி தேவாரத்தை எழுப்பும், இரண்டாவது வரி மேளப்பெட்டியை எழுப்பும், மூன்றாவது வரி எழுத்துப் பலகையை எழுப்பும். கோப்புக்கு 'ஸ்ரார்ட்' என்று பெயர் வைத்து அந்தப் போல்டருக்குள் போட்டேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. இன்றைக்கும் அந்த அறையில் ஃபானுக்குக் கீழே படுத்திருப்பேன்.

மாஸ்டர் வந்து திரையை எட்டிப்பார்த்தார். "அதென்ன, ஸ்ரார்ட்?"

"கட்டளை மாஸ்டர். எல்லாத்தையும் தொடங்கச் சொல்லுற கட்டளை."

"பிள்ளையாருக்கு ஆங்கிலத்திலயோ கட்டளை போடுறீர்? தமிழில போடும். தொடக்கம் எண்டு போடும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் யோசித்தேன். (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு யோசனை வரக்கூடாது. வந்தால் படுத்துவிடவேண்டும்.) தொடக்கம் என்பது பெயர்ச்சொல். ஒரு கோப்பைப் பார்த்துத் 'தொடக்கம்' என்றால் அது என்ன செய்யும்? கட்டளை என்றால் வினைச்சொல் வேண்டும். 'தொடங்கு' என்றால் தானே தொடங்குவது. என் கோப்பு தான் தொடங்குவதில்லை, மற்றவற்றைத் தொடங்கவைக்கிறது. அடங்கு, அடக்கு. முடங்கு, முடக்கு. தொடங்கு... புளியமரத்துக்குக் கீழே யாரோ ஒரு ரீச்சர் சொல்லித்தந்த தன்வினையும் பிறவினையும் அவ்வளவு வருடம் கழித்து வந்து என் கையைப் பிடித்தன. சந்தோசத்தில் உடம்பு சிலிர்த்தது. கோப்பின் பெயரை அழித்துவிட்டு அடித்தேன்:

தொடக்கு.

மத்தியானம் மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ம், தமிழ்தான்" என்று தலையாட்டினார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மாஸ்டர் பார்த்தவர். மாஸ்டர் தலையாட்டினவர்.

தொடக்கு என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு கருத்தும் இருக்கிறது என்பது வாசிக்கிற உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். ஒரு வீட்டில் சாவோ பிறப்போ நடந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தொடக்கு, அதாவது தீட்டு. துடக்கு என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதான். தொடக்கு என்றால் கோயிலுக்குள் போகக்கூடாது, கல்யாணம் கூடாது, ஐயருக்குத் தொடக்கு என்றால் பூசையும் கூடாது. "உனக்கு மட்டும் எப்படி அது தெரியாமல் போனது?" என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியும். ஆனால் நினைவுக்கு வரவில்லை. சண்டைக்காலத்தில் நான் வளர்ந்தபோது எங்கள் வீட்டில் யாரும் நாள் எண்ணித் தொடக்குக் காத்தது கிடையாது. ஒரே தறப்பாளுக்குக் கீழே ஒரு பக்கம் பிள்ளை பிறந்தது, மறுபக்கம் ஆள் போனது, விடிய எழும்பி அடுத்த ஊருக்கு நடந்தோம். அந்தச் சொல் எங்களோடு வரவில்லை. மற்றச் சாமான்களோடு அதையும் எங்கேயோ விட்டுவிட்டோம். அவ்வளவுதான் விளக்கம்.

மறுநாள் கோயிலில் கல்யாணம். பெண் பெயர் தர்சினி, அதே ஊர்ப்பிள்ளை. மாப்பிள்ளை நிரோசன், வவுனியா, கட்டாரில் வேலை. அந்தக் கல்யாணம் அதற்கு முன் இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல்தடவை கல்யாணக் காட் அடித்துக் கொடுத்தபிறகு மாப்பிள்ளையின் பாட்டனார் போய்ச் சேர்ந்தார்; தொடக்கு. இரண்டாந்தடவை அவருடைய பெரியப்பா, தொடக்கு. இப்போது ஆனி மாதத்தின் கடைசி நல்ல முகூர்த்தம். இதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எங்கள் ஆட்கள் தாலி கட்டுவதில்லை. ஆவணிக்கு மாப்பிள்ளை இருக்கமாட்டார், லீவு முடிந்துவிடும்.

முதல்நாள் பின்னேரம் தர்சினி தன் தகப்பன் கந்தசாமி அண்ணையோடு மடத்துக்கு வந்தாள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நாளைக்கு உங்கடை போட்டில எங்கடை பேர் வருமோ?"

"வரும் தங்கச்சி. கனடாவில எழுதிப்போட்டினம். பார்க்கப் போறீரோ?"

கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கோப்பைக் கையால் அமத்திக் காட்டினேன். 'தர்சினி - நிரோசன் திருமண வாழ்த்துக்கள்' என்று சிவப்பு எழுத்து வாசலில் ஓடியது. அவள் போனில் படம் எடுத்தாள். "நாளைக்கு உப்பிடி அமத்தத் தேவையில்லை" என்றேன் பெருமையாக. "ஆள் வந்து லொகின் பண்ணினால் தானா ஓடும்."

"தானா நடக்கிறது எண்டால் எனக்குப் பயம் அண்ணா" என்றாள். "ரெண்டுதரம் தானா நிண்டிட்டுது."

சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

விடிய நான் தயிர் எடுத்துவர மல்லாவிக்குச் சைக்கிளில் போய்விட்டேன். நான் இல்லாத நேரம் நடந்ததை வாசுகி அக்கா பிறகு சொன்னா. அவா வந்து சுவிச்சை அமத்தி, பாஸ்வேட்டை அடித்திருக்கிறா. தேவாரம் படித்தது. மேளம் அடித்தது. பலகை எழும்பியது. ஆனால் இணையம் எழும்பவில்லை. நெட்வேர்க் பெட்டிக்குச் சிக்னல் வர எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும்; நான் கையால் அமத்திச் சோதித்த நேரமெல்லாம் அது ஏற்கெனவே வந்திருந்தது. 'கொஞ்சம் பொறுத்துத் தொடங்கு' என்று ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. பலகை கனடாவின் எழுத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. காட்ட எதுவும் கிடைக்காவிட்டால், தன்னை எழுப்பிய கோப்பின் பெயரையே எடுத்துக் காட்டும்படி அந்தப் பலகையைச் செய்த புண்ணியவான் செய்திருக்கிறான். (எதற்கு? எந்த நாட்டில் யாருக்கு அது தேவை? அவனை ஒருநாள் காணவேண்டும்.)

பிள்ளையார் கோயில் வாசலில், கல்யாண நாளன்று, சிவப்பு எழுத்தில் ஓடியது: தொடக்கு... தொடக்கு... தொடக்கு...

அதை முதலில் வாசித்தவர் ஐயர்.

"ஐயர் சைக்கிளை விட்டு இறங்கினார் தம்பி" என்றா வாசுகி அக்கா. "போட்டைப் பார்த்தார். முகம் வெளிறிப்போச்சு. 'ஆர்?' எண்டு கேட்டார். எனக்கென்ன தெரியும்? 'கனடாவில இருந்துதான் எழுதுறவை ஐயா' எண்டனான்."

ஐயரின் தமையன் கனடாவில் இருக்கிறார். கொஞ்ச நாளாகச் சுகமில்லை. ஐயர் வேறு ஒன்றையும் யோசிக்கவில்லை. நேரே சொல்லத் துணிவில்லாமல் போட்டில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, படியில் கால் வைக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குத் தலைமுழுகப் போய்விட்டார்.

நான் தயிரோடு திரும்பியபோது வாசலில் இரண்டு வான், ஒரு கார். ஒருவரும் இறங்கவில்லை. வேலியோரம் ஊர்ப் பெண்கள் பூத்தட்டுகளோடு நின்று யாருடைய தொடக்காக இருக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறேழு வீட்டுக் கிழவர்களை அதற்குள் கொன்றுவிட்டார்கள். முன் வானில் மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியை இறக்கி, கந்தசாமி அண்ணையோடு சண்டை.

"நான் இறங்கமாட்டன். ரெண்டுதரம் தொடக்குப் பாராமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது மூண்டாந்தரம். கோயிலே சொல்லுது."

"கோயில் சொல்லேல்லை அம்மா, அது போட்டு!"

"வெறும் போட்டு எண்டால் ஐயர் ஏன் வீட்டை போனவர்?"

போட்டில் போட்டதால் ஐயர் போனார், ஐயர் போனதால் போட்டை நம்பினார்கள். இந்த வட்டத்துக்குள் எங்கே கையை வைப்பது? நான் தயிர்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணினி அறைக்குள் ஓடினேன்.

கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். லொகின் செய்தேன். தேவாரம் படித்தது. மேளம் அடித்தது. நெட்வேர்க் பெட்டியில் இன்னும் சிவப்பு லைட்; அன்றைக்கென்று சிக்னல் வரவேயில்லை. தொடக்கு. திரும்ப நிறுத்தித் திரும்பப் போட்டேன். மேளம். தொடக்கு. மூன்றாந்தடவையும் மேளம் முழங்கி முடிய, வெளியே மாப்பிள்ளையின் தாயின் குரல் கேட்டது: "பாருங்கோ, பாருங்கோ, மேளம் அடிச்சு அறிவிக்குது!"

கணினியை ஒரேயடியாக நிறுத்தினேன். பலகை நிற்கவில்லை. கடைசியாகச் சொன்னதை அது மறக்காதாம். வயரைப் பிடுங்கலாம் என்றால், வயர் சுவருக்குள்ளால் மெயின் பெட்டிக்குப் போகிறது, மெயின் பெட்டி பூட்டிய அறைக்குள், திறப்புக்கொத்து ஐயரின் இடுப்பில், ஐயர் கிணற்றடியில்.

மாஸ்டர் ஓடிவந்தார். இந்தமுறை கண்ணாடியோடு. வாசித்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

"மூடும்! அதை மூடும்! ஏதாவது துணி எடுத்து மூடும்!"

ஏணியைச் சாத்தினேன். கைக்கு எட்டிய துணி, மடத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி. ஏறி, பலகைக்கு மேலே விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். இறங்கும்போது செருப்பு அறுந்தது. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். எழுத்து மறைந்துவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்ட கடைசிக் கணம் அது.

வேட்டி வெள்ளை. எங்கள் பக்கத்தில் வாசலில் வெள்ளை கட்டினால் அது செத்தவீடு; ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

றோட்டால் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். ஜன்னல் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மோட்டார்சைக்கிளில் வந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் நிறுத்தி இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, மெதுவான குரலில் கேட்டார்:

"எப்ப எடுக்கினம்?"

"ஒருத்தரையும் எடுக்கேல்லை அண்ணை! இது கல்யாணம்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கவலையில கதைக்கிறீர்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. கந்தசாமி அண்ணை வானின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டார். அந்த மனிதர் அப்படிக் குந்தியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு இலக்கணமெல்லாம் விட்டுப்போயிற்று. மாஸ்டர் ஐயருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். ஐயரின் போன் ஓயாமல் வேறு அழைப்பில் இருந்தது. அவர் கனடாவை எழுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கார்க் கதவு திறந்தது. தர்சினி இறங்கினாள். மணப்பெண் காரால் இறங்க ஒரு நேரம் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கூந்தல் பூவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வானடிக்குப் போய், போனை மாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மாமி, இது நேற்றைக்கு எடுத்த படம். அதே போட்டு. எங்கடை பேர் கிடக்கோ இல்லையோ? இண்டைக்கு அதுக்கு விசர் பிடிச்சிட்டுது. விசர் போட்டுக்கு நான் தொடக்குக் காக்கேலாது."

"பிள்ளை, சாத்திரம் எண்டு ஒண்டு..."

"ரெண்டுதரம் காத்தனான் மாமி. உங்கடை வீட்டுத் தொடக்கை நான் காத்தனான். ஒரு சொல்லுச் சொன்னனானோ? இப்ப ஆர் செத்தது எண்டு காட்டுங்கோ, வீட்டை போறன். காட்டேலாட்டில் நான் உள்ளை போறன். தொடக்கு எண்டால் எனக்கு வரட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பி, வெள்ளை வேட்டிக்குக் கீழே குனிந்து, உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வானுக்குள் இருந்து தாயை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். "நிரோசன்!" என்றார் தாய். "வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு வானில் இருந்த ஒருவரும் வானில் இருக்கவில்லை. கடைசியில் தாயும் இறங்கினா. தனியாக வானில் இருந்து சண்டை பிடிக்க ஆள் இல்லை.

தாலி எடுத்துக்கொடுக்க ஐயர்தான் இல்லை. மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்க, ஐயர் ஈரக் குடுமியோடு சைக்கிளில் வந்து குதித்தார்.

"தமையன் சுகமாய் இருக்கிறார்!" என்று கத்தினார். "நித்திரையால எழுப்பினதுக்கு என்னை என்ன பேச்சுப் பேசினவர் தெரியுமோ? ஆர் உந்தப் போட்டைப் போட்டது? பூசையை முடிச்சிட்டு வாறன், நிக்கச் சொல்லுங்கோ அந்த ஆளை!"

முகூர்த்தம் முடிய முன் தாலி ஏறிவிட்டது. நான் உள்ளே போகவில்லை. வாசலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் கேட்ட நேரம் கணினியைக் கடைசியாக ஒருதடவை போட்டுப் பார்த்தேன். நெட்வேர்க் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. ஓடிவந்து வாசலைப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்குள்ளால், மங்கலான சிவப்பில், 'தர்சினி - நிரோசன் திருமண வாழ்த்துக்கள்' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தானாக. நான் எழுதிய வரி ஒன்றிலும் பிழையில்லை. அதைப் பார்க்க வாசலில் என்னைத் தவிர ஒரு சீவன் இல்லை.

விசாரணை மடத்துக்குப் பின்னால், பாத்திரங்களுக்கு நடுவே நடந்தது. ஐயர் பேசி முடித்துவிட்டுப் போனார். அதை எழுதமுடியாது. பிறகு மாஸ்டர்.

"தொடக்கம் எண்டெல்லோ நான் சொன்னனான்?"

"தொடக்கம் பெயர்ச்சொல், மாஸ்டர். கட்டளைக்கு ஏவல் வேணும். தொடங்கு தன்வினை. தொடக்கு பிறவினை. நீங்களும் பார்த்துத் தலையாட்டினனீங்கள்."

மாஸ்டர் தமிழ் வாத்தியார்; நான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். அந்தச் சரியை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் சொன்னார்:

"பிறவினைதான். பிறத்தியாருக்கெல்லாம் வினை. பையை எடுத்துக்கொண்டு நடவும்."

சொல்லில் தோற்ற கோபத்துக்கு அப்படி ஒரு நல்ல வசனம் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். றோட்டில் பாதித் தூரம் நடந்தபிறகுதான் எனக்கு அருமையான பதில் ஒன்று வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்று யோசித்தேன். குழம்பு மணத்துக்காகத் திரும்பிவந்தேன் என்று நினைப்பார்கள் என்று நடந்தேன். (கந்தசாமி அண்ணை பின்னால் ஆள் அனுப்பிச் சாப்பிடக் கூப்பிட்டவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆள் தர்மபுரம் றோட்டால் போய்த் தேடியிருக்கிறான்.)

தர்மபுரத்தில் என் அக்கா இருக்கிறா. கதை எனக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளை வேட்டியின் படம் வட்ஸப்பில் கனடா போய், சுற்றி, தர்மபுரத்துக்கு வந்திருந்தது. அன்று தொடக்கம் இன்றுவரைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனால், அத்தான் படலையைத் திறக்கமாட்டார். "கொஞ்சம் பொறு" என்பார். உள்ளே திரும்பி, "பிள்ளையள், மாமா வந்திட்டார், தொடக்குக் கழிக்க மஞ்சள் தண்ணி கொண்டாங்கோ!" என்று கத்துவார். மருமக்கள் வாளியோடு ஓடிவருவார்கள். சேட்டு நனையாமல் நான் அந்த வீட்டுக்குள் போனது கிடையாது. தர்சினிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தது பிறந்தபோது அவள் எனக்கு அனுப்பிய தகவலில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. என்ன சொல் என்று சொல்லத் தேவையில்லை. இந்தமுறை சரியான தொடக்கு.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் இல்லை. அன்றைக்கு நடந்துகொண்டே அக்கராயனுக்குப் போய், பழைய மில் கூட்டாளி ஒருவனின் வீட்டில் படுத்தேன். விடிய அவன் என்னை ரகீம் நானாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சீமெந்து, ஆணி, பைப் விற்கிற கடை. நானா, வடக்கில் இருந்து முஸ்லிம்களைக் கலைத்தபோது போய், புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவந்தவர். திரும்பிவந்த ஆளுக்குப் போக்கிடம் இல்லாத ஆளைக் கண்டால் விளங்கும். என்னைப் பார்த்துவிட்டு, போனில் வந்திருந்த படத்தில் ஏணியோடு நின்ற ஆளைப் பார்த்தார். போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கோயிலுக்கு வெள்ளை கட்டின ஆள் நீங்களோ?"

"ஓம் நானா."

"எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல்லு ஒண்டும் செய்யாது. பயப்பிடாம இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மேசையில் ஒரு கணினி இருந்தது. "இதையும் அப்பிடிச் செஞ்சு தாங்களேன். காலமை வந்து லொகின் பண்ணினா பில் அடிக்கிறது, சாமான் இருப்புப் பாக்கிறது எல்லாம் தானாத் திறக்கோணும்."

கதிரையில் இருந்தேன். அந்தப் போல்டரைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்தது. ஒரு வரி எழுதினால் போதும்; தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். முடிந்தால் நான் திரும்பவும் றோட்டில்.

போல்டரை மூடினேன்.

"கூடாது நானா" என்றேன். "தானாத் தொடங்கவிட்டால் என்ன நடக்கும் எண்டதை நீங்கள் போனில பார்த்தனீங்கள். ஆள் ஒருத்தர் பக்கத்தில இருந்து, நெட் வந்திட்டுதோ எண்டு பார்த்து, ஒவ்வொண்டாத் திறக்கவேணும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

நானா தாடியைத் தடவினார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. "அந்த ஆள் காலமை எப்ப வருவார்?"

"நீங்கள் கடைக் கதவைத் திறவுங்கோ நானா" என்றேன். "தானா வருவன்."